நட்சத்திரக் குறியும் ஒரு கமாவும்

தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் மோடம் மண்டையைப் போட்டது. மறுகணம் ஃபோன் அலறியது.

“என் கோட்டு ரெடியா?”

“ஐயா, இது லாண்டரி இல்ல. லாண்டரிக்குக் கடைசி நம்பர் ஏழு. எனக்கு எட்டு.”

“சரி, கோட்டு?”

டைப்செட்டர் ரிசீவரை அறைந்தார். வீட்டிலேயே புத்தகப் பக்கங்களைக் கோத்து, மோடம் மூலம் டெலிஃபோன் வயரில் அச்சகத்துக்கு அனுப்புகிற தனிக்கட்டை அவர். லைனில் இருக்கும்போது வேறு யாராவது கூப்பிட்டால் ‘கீ’ என்று சத்தம் கொடுக்கும் வசதியை, டெலிஃபோன் ஆபீஸ் கேட்காமலே தந்திருந்தது. மனிதக் காதுக்கு அது வசதி. மோடத்துக்கு மாரடைப்பு.

இன்று மத்தியானத்துக்குள் மகள் கூப்பிடுவாள். கப்பலில் நர்ஸ். போன தடவையே சொல்லியிருந்தாள்: “இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்கப்பா. நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா, பெட்டியோட இறங்கிடறேன்.”

காலையில் சவரம் செய்யும்போதே கண்ணாடியிடம் ஒத்திகை பார்த்துவிட்டார். ‘வந்துடும்மா.’

அதற்குள் பக்கங்களைத் தள்ளிவிட வேண்டும். டெலிஃபோன் ஆபீஸுக்கு அடித்தார்.

“சிம்பிள் சார்” என்றாள் அங்கிருந்த பெண். “மோடம் டயல் பண்ற நம்பருக்கு முன்னாடி ஸ்டார் எழுபது, ஒரு கமா. கமான்னா அது கொஞ்சம் மூச்சு விட்டுக்கும். அப்புறம் இணைப்பு இருக்கறவரைக்கும் யார் கூப்பிட்டாலும் என்கேஜ்டு. உங்களுக்குச் சத்தமே வராது.”

நூறு சதவீதம்! விசிலடித்துக்கொண்டே எழுந்தவர், மகளின் அறையைப் பெருக்கினார். மெத்தை விரிப்பை உதறி மாற்றினார். ஜன்னலைத் திறந்து வைத்தார். ஒரு காது மட்டும் ஃபோன்மீதே.

ஃபோன் வாயே திறக்கவில்லை.

மேஜைக்குத் திரும்பியவர் அப்போதுதான் பார்த்தார். மோடத்தின் பச்சை விளக்குகள் இன்னும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. இத்தனை நாளில் இணைப்பைத் துண்டிக்கும் வேலையை அவர் செய்ததே இல்லை. எப்போதும் யாராவது ஒரு கோட்டுக்காரர் செய்துவிடுவார்.

மோடத்தின் வயரைப் பிடுங்கினார். உடனே மணி.

“அப்பா! காலையிலேர்ந்து என்கேஜ்டு! யாரோட அப்படி ஒரு பேச்சு?”

“அது வந்து…”

“மழுப்பாதீங்க!” சிரித்தாள். “நிம்மதியா இருக்குப்பா. நீங்க சுவரைப் பாத்து உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சு அழுதிட்டிருந்தேன். பேச ஆள் இருக்கே, போதும். கையெழுத்துப் போட்டுட்டேன்.”

பின்னணியில் கப்பலின் சங்கு.

“யாருப்பா?”

மோடத்தைப் பார்த்தார். “ஒரு ஃபிரெண்டும்மா. பேச ஆரம்பிச்சா விடமாட்டான்.”

லைன் செத்தது.

பிடுங்கிய வயரைத் திரும்பச் செருகினார். பிறகு ஸ்டாரையும் எழுபதையும் கமாவையும் அழித்தார். அனுப்ப ஒன்றுமில்லை. ஆனாலும் மோடத்தை டயல் செய்யவிட்டுக் காத்திருந்தார்.

சாயங்காலம் இணைப்பு அறுந்தது. மணி அடித்தது.

“என் கோட்டு ரெடியா?”

டைப்செட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன கலரு சார்?”