மவுஸிலிருந்து எடுத்த கை

திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தபோது நான் மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டேன். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எங்கள் மின் கட்டுப்பாட்டு அறையில் அது புதிதல்ல. தலைமை அலுவலக என்ஜினியர்கள் அங்கிருந்தபடியே எங்கள் கணினிக்குள் வந்து எதையாவது சரிசெய்துவிட்டுப் போவார்கள். போன வருடம் ஒரு தடவை வந்திருப்பது அவர்கள்தான் என்று தெரியாமல் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எல்லோர் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று காலை பதினொரு மணி. அம்பு ஊர்ந்து போய் ஒரு லைனை அணைத்தது. பக்கத்து நாற்காலிப் பெண் நிமிர்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். அவள் வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மின்னல்.

"சார், இது நம்ம ஆளுங்க இல்ல. கேபிள எடுத்துடலாம்."

"சும்மா இரும்மா. யாரோ நம்ம வேலையச் செய்யறாங்க, நமக்கென்ன வலிக்குது?"

"போன் பண்ணியாவது கேளுங்க சார்."

"கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு கடிச்சுக் குதறிடுவாங்க."

இரண்டாவது லைன் போனது. மூன்றாவதும் போனது. பாதி ஊரில் மின்சாரம் இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது நிமிடம் அவள் என்னைக் கேட்காமலே மேசைக்கு அடியில் புகுந்து கேபிளைப் பிடுங்கினாள். அம்பு நின்றது. மீதி ஊர் தப்பியது.

உள்ளே புகுந்தது வெளியிலிருந்து வந்த ஹேக்கர்கள் என்று பிறகு தெரிந்தது. விசாரணையில் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். "கேபிளை எடுத்தது யார்?" என்றார் பெரிய அதிகாரி.

"நான்தான் சார்."

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பயத்தில் வாய் முந்திக்கொண்டது. அவர் எழுந்து கைகுலுக்கினார். அவளும் "நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள். எட்டு மாத சர்வீஸை விட்டுவிட்டு இருபத்தாறு வருட சர்வீஸை நம்பினார்கள்.

வீட்டில் மனைவி தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். "உன் மச்சான் ஊரையே காப்பாத்திட்டாருண்ணா!" நான் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மின்னல் என் மேசைக்கு வந்தாள். கையில் மெமோ. அறையில் இருந்ததே இரண்டு பேர். பிடுங்கியது நான் என்றால், வேடிக்கை பார்த்தது அவள்தானே? அந்தச் சின்னக் கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏழு நிமிஷம் ஏன் சும்மா இருந்தேன்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணுமாம் சார். சரியா எழுதலன்னா வேலை போயிடும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. வெள்ளைத் தாளை என் முன்னால் விரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன். அப்போ என்ன நினைச்சுட்டு உக்காந்திருந்தீங்க?"