நான்காம் நாள் எழுதிய வரி

ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு விருந்தினர் விடுதியை ஆகஸ்ட் விடுமுறையில் எட்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து அந்த ஜாஸ் முகாமை நடத்தினார்கள். நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் பாடசாலை பாண்டில் வாசித்துப் பழகிய பிள்ளைகள். முகாம் முடியும் நாளில் அவர்களில் இரண்டு பேருக்கு வழிகாட்டல் புலமைப்பரிசில் கொடுப்பார்கள். கிடைத்தவர்களுக்கு ஒரு வருடத்துக்கு நல்லதொரு கருவி இரவலாகக் கிடைக்கும். மாதத்தில் இரண்டு நாள் கொழும்பில் ஒரு தேர்ந்த கலைஞரோடு இருந்து வாசிக்கலாம். மறுவருடம் அவர்களே முகாமுக்குத் திரும்பி வந்து புதியவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஹிமாயா அப்படித் திரும்பி வந்தவள். சாய்ந்தமருதுக்காரி, வயது இருபத்துநான்கு. கல்முனையில் பாடசாலை பாண்டில் கிளாரினெட் பிடித்துத் தொடங்கியவள். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று சொந்தத்துக்குள் எழுந்த கதைகளையெல்லாம் கேட்டுக் கேளாமல் விட்டு, போன வருடம் அந்தப் புலமைப்பரிசிலைப் பெற்றிருந்தாள். இந்த வருடம் ஐந்து பிள்ளைகள் அவள் பொறுப்பில். வந்த முதல் நாள் ஒரு பிள்ளை அவளை மிஸ் என்று கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் நாளே அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஐந்து பேரில் ஒருத்தி ஆலையடிவேம்பைச் சேர்ந்த சுஜித்தா. உயர்தரம் படிக்கிறவள். பாடசாலைக்குச் சொந்தமான, சாவிகளில் முலாம் போன பழைய சக்ஸபோன் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். அதை அவள் ஊதத் தொடங்கினால் பக்கத்து அறைப் பிள்ளைகள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நிற்பார்கள். ஆனால் குழுவோடு வாசிக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தன் பாட்டில் போவாள். நிறுத்து என்று மற்றவர்கள் சாடை காட்டியும் இரண்டு தடவை நிறுத்தவில்லை. ஹிமாயா அதைக் கவனித்தாள். திமிர் என்று நினைத்தாள்.

நான்காம் நாள் காலை, ஒருவர் நான்கு அளவு வாசித்து அடுத்தவரிடம் கைமாற்றும் முறையை ஹிமாயா வாசித்துக் காட்டினாள். ஓர் அளவை அவர்கள் பார் என்பார்கள். பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று. அன்றைக்கு அவளுக்கு எண்ணிக்கை பிசகிப்போயிற்று. சுற்று முடிய ஒரு பார் இருக்கும்போதே முடித்துவிட்டு, அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்டினாள். டிரம்ஸ் வாசித்த பையன் திகைத்து நின்றான்.

"மிஸ், பதினொண்டிலயே நிப்பாட்டிட்டீங்க. இன்னும் ஒரு பார் இரிக்கு" என்றாள் சுஜித்தா.

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மேசையில் மூக்குக்கண்ணாடியை மறந்து போகிறவரைக் கூப்பிட்டுச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வாசல் பக்கமாகப் போன நஸீர் சேரும் சிரித்தார். முகாமுக்குப் பொறுப்பானவர் அவர். கல்முனையில் பிறந்து, கொழும்பு ஹோட்டல்களில் இருபது வருடம் சக்ஸபோன் வாசித்தவர். ஹிமாயாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். காது மடல் இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

அன்று பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் வழிகாட்டிகள் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வுக்குழு பார்ப்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பைத்தான். சுஜித்தாவின் பெயருக்கு நேரே ஹிமாயா எழுதினாள்: "திறமை உண்டு. ஆனால் மற்றவர்களைக் கேட்பதில்லை. இதற்கு இன்னும் தயாரில்லை." எழுதியதைத் திரும்ப வாசித்தாள். பொய்யில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்து வைத்தாள்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் துறைமுகத்துக் கல்லணைக்கு நடக்கப் போனார்கள். கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஹிமாயா சுஜித்தாவின் இடப்பக்கமாக நடந்தபடி ஏதோ கேட்டாள். பதில் இல்லை. திரும்பவும் கேட்டாள். மூன்றாவது தடவை சத்தமாகக் கேட்டபோது சுஜித்தா திடுக்கிட்டுத் திரும்பி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தப் பக்கம் வாங்கக்கா. எனக்கு இடது காது கேக்காது."

சிறு வயதில் காதில் சீழ் பிடித்து, வைத்தியம் பிந்திப்போய், அந்தக் காது போனதாம். பாண்டில் சேரும்போதே மறைத்துவிட்டாளாம். தெரிந்தால் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். பக்கத்தில் வாசிப்பது கேட்காதபோது பிழை வராமலிருக்க, சப்பாத்துக்குள் கால் விரலை அசைத்து அசைத்து ஒவ்வொரு பாரையும் எண்ணிக்கொண்டே இருப்பாளாம். அதனால்தான் தலையைக் குனிந்திருப்பது. அதனால்தான் அவளுக்கு எண்ணிக்கை ஒருநாளும் பிசகுவதில்லை. யாரிடமும் சொல்லிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்று ஹிமாயா வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே நேற்று எழுதிய வரி அவள் நெஞ்சுக்குள் இடறியது.

ஆறாம் நாள் ஹிமாயா ஒன்றும் சொல்லாமல் இருக்கைகளை மாற்றினாள். சுஜித்தாவை வரிசையின் இடது கோடியில், நல்ல காது குழுவின் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தாள். அவ்வளவுதான் செய்தது. அன்றைக்குச் சுஜித்தா தலையை நிமிர்த்தி வாசித்தாள். டிரம்ஸ்காரன் விளையாட்டாகத் தட்டியதை வாங்கி, கொஞ்சம் திருப்பி, அவனுக்கே பதிலாகக் கொடுத்தாள். மருதமுனை ஸிராஜின் ட்ரம்பெட் பின்தங்கியபோது தானும் வேகத்தைக் குறைத்து, அவன் வந்து சேரும்வரை காத்திருந்து கூட்டிக்கொண்டு போனாள். எழுதி வைக்காத, அந்த நிமிடத்தில் பிறந்த இசை. கேட்டுக்கொண்டிருந்த ஹிமாயாவுக்குச் சந்தோசமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. நான் நாலு வருடத்தில் தொட்ட இடத்தை இவள் இன்னும் ஆறு மாதத்தில் கடந்து போவாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவள் விரும்பவில்லை. ஆனாலும் அது போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நஸீர் சேர் வழிகாட்டிகளைக் கூட்டினார். குறிப்புகளில் யாருக்காவது மாற்ற இருந்தால் நாலு மணிக்குள் சொல்லும்படி கேட்டார். கண்டியிலிருந்து வந்த வழிகாட்டி தன்னுடைய குறிப்பொன்றை மாற்றினார். நஸீர் சேரின் பார்வை ஹிமாயாவில் வந்து நின்றது.

அவள் பேசவில்லை. மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும், வாக்குக் கொடுத்தாயிற்று. தானும் சுஜித்தாவும் ஒரே கரைக்காரர்கள், சொந்த இடத்துப் பிள்ளையைத் தூக்கிவிட்டாள் என்றும் பேச்சு வரும். இப்படியெல்லாம் அவளுக்குள்ளே நியாயங்கள் வரிசைகட்டின. ஒவ்வொன்றும் பார்வைக்கு நல்ல நியாயம்தான். எழுதியது பிழை என்று மட்டும் சொல்லியிருக்கலாம், காதைத் தொடவே தேவையில்லை என்பது அவளுக்கு அப்போதே தெரியும். நாலு மணி ஆயிற்று.

சனிக்கிழமை நிறைவுக் கச்சேரிக்குப் பிறகு ஸிராஜின் பெயரையும் கண்டிப் பிள்ளை ஒருத்தியின் பெயரையும் வாசித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். சுஜித்தாவும் தட்டினாள். பிறகு சக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹிமாயாவிடம் வந்து, தான் எங்கே பிழை விட்டதென்று கேட்டாள். அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்ளலாமே என்றாள்.

"ஒரு பிழையுமில்ல. இடம் ரெண்டுதானே இருந்த" என்றாள் ஹிமாயா.

சுஜித்தா அதை நம்பினாள். நம்பியதுதான் ஹிமாயாவை வீடுவரை துரத்திக்கொண்டு வந்தது.

அதன் பிறகு கிளாரினெட் பெட்டியை அவள் திறக்கவில்லை. காலையில் ஆங்கில வகுப்புக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வருவாள். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது சிவப்புப் பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிடுவாள். தொழுகையில் சுஜூதில் தலை வைத்தாலும் அந்த வரிதான் முன்னால் வந்து நிற்கும். பெட்டியில் தூசி படிகிறதே என்று உம்மா ஆமினா கேட்டபோது, காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள். உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடில்லை.

செப்டெம்பர் கடைசியில் சுஜித்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பரீட்சை எழுதப்போகிறவர்களிடமிருந்து பாடசாலை கருவிகளைத் திருப்பி வாங்கிவிட்டதாம். சக்ஸபோனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாளாம். "பறவாயில்ல அக்கா, படிப்பப் பாக்கலாம்" என்று எழுதி, முகாமில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படமொன்றையும் அனுப்பியிருந்தாள்.

அன்றே ஹிமாயா நஸீர் சேருக்கு அழைப்பு எடுத்தாள். குறிப்பு எழுதிய அன்று தனக்கு வந்த கோபத்தைச் சொன்னாள். கேட்பதில்லை என்று தான் எழுதிய பிள்ளைக்கு ஒரு காது கேட்காது என்பதையும், அது தெரிந்த பிறகும் பேசாமல் இருந்ததையும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகு நஸீர் சேர் ஒன்று கேட்டார்.

"வெள்ளிக்கிழம நான் உங்கட மூஞ்சயப் பாத்துத்தானே கேட்ட. ஏன் சொல்லல்ல?"

"அவ என்னத் தாண்டிப் போயிருவா எண்டு பயம் சேர்."

இந்தப் பதிலை அவள் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. நஸீர் சேர் அவளைத் திட்டவில்லை. கொடுத்த இடத்தை ஸிராஜிடமிருந்து பறிக்க முடியாது, அவன் ஒரு பிழையும் செய்யவில்லை என்றார். தேர்வுக்குழுவுக்கு இதை அறிவிக்க வேண்டும் என்றார். வழிகாட்டிப் பொறுப்பிலிருந்து அவளாகவே விலகிக்கொள்வதாகச் சொன்னபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போனை வைத்ததும் பாதிப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அந்தத் தைரியத்தில் உம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில்தான் நிமிர்ந்தார்.

"சேருக்குச் சொல்லிட்டாய், எனக்குச் சொல்லிட்டாய். அந்தப் புள்ளைக்குச் சொன்னியா?"

அடுத்த நாள் ஹிமாயா அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்து ஆட்டோவில் ஆலையடிவேம்புக்குப் போனாள். சுஜித்தாவின் வீட்டு முன்னறையிலேயே அவர்களின் சில்லறைக் கடை. அவளுடைய அம்மா கதிரை போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, முகாமில் மகளை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னார். ஹிமாயா அந்தத் தேநீரைப் பக்கத்தில் வைத்தாள். அம்மா கடைக்குள் போனதும், எழுதிய வரியை ஒரு சொல் விடாமல் சுஜித்தாவிடம் சொன்னாள். நாலு மணிவரை வாய் திறக்காமல் இருந்ததையும், ஏன் என்பதையும் சொன்னாள். நஸீர் சேரிடம் ஒப்புக்கொண்டதைக் கடைசியில் சொன்னாள். அது தன் பக்கத்துக்குக் கொஞ்சம் நிழல் தரும் என்று நினைத்தாள்.

அவள் சொல்லி முடித்த பிறகு சுஜித்தா ஒன்றுதான் கேட்டாள்.

"சேருக்கு என்ர காதப் பத்தியும் சொன்னீங்களா?"

"ஓம். சொன்னாத்தான் அவருக்கு விளங்கும் எண்டு..."

"எழுதினது உங்கட விசயம் மிஸ். காது என்ர விசயம். அதச் சொல்லலாமா எண்டு என்னட்டத்தானே கேட்டிரிக்கணும்?"

ஹிமாயாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் பிழையைக் கழுவ வந்த அவசரத்தில், சுஜித்தாவிடம் இருந்த ஒரேயொரு ரகசியத்தையும் எடுத்துத் தன் பாரத்தை இறக்கப் பயன்படுத்தியிருக்கிறாள். பேச வேண்டிய நேரத்தில் வாக்கைச் சாட்டி வாயை மூடினாள். தனக்கு ஆறுதல் தேவைப்பட்டபோது அதே வாக்கை உடைத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்து வந்திருந்தாள். அந்தச் சொல்லைச் சொன்னால் இன்னொரு தடவை அவளிடமிருந்தே எதையோ வாங்குவதாகிவிடும் என்று பட்டது.

"நான் செஞ்ச ரெண்டும் பிழை" என்றாள். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

தன்னுடைய கிளாரினெட்டையாவது வைத்துப் பழகிக்கொள் என்று கேட்டதற்கு, வேண்டாம் மிஸ் என்றாள் சுஜித்தா. குரலில் கோபம் தெரியவில்லை. பரீட்சை இருக்கிறது, படிக்க வேண்டும் என்று எழுந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

தேர்வுக்குழு சுஜித்தாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வரும் வருடப் புலமைப்பரிசிலுக்கு முகாமில்லாமல் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம் என்று. அவள் உடனே பதில் போடவில்லை. பரீட்சை எழுதி முடித்து, அக்கரைப்பற்றில் யாரிடமோ ஒரு சக்ஸபோனை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிப் பதிவுசெய்து அனுப்பினாள். தன் இடது காது கேட்காது, குழுவோடு வாசிக்கும்போது வரிசையின் இடது கோடியில் இடம் வேண்டும் என்று படிவத்தில் தானே எழுதியிருந்தாளாம். அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. நஸீர் சேர் இதைச் சொன்னபோது ஹிமாயா அழுதாள். சந்தோசத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார். முழுக்க அதுவுமில்லை. சுஜித்தா ஒரு வருடத்தை இழந்திருந்தாள். அதை யாரும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஹிமாயாவை வழிகாட்டியாகத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு ஏற்பாட்டோடுதான் வருவேன் என்றாள். யாரைப் பற்றி என்ன எழுதினாலும், கொடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து அதை வாசித்துக் காட்டுவேன் என்றாள். நஸீர் சேர் கொஞ்சம் யோசித்தார். நேரம் போகும், பிள்ளைகள் அழுவார்கள் என்றார். பிறகு எல்லா வழிகாட்டிகளுக்கும் அதையே விதியாக்கினார்.

அந்த முகாமின் நான்காம் நாள் பின்னேரம், பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு பிள்ளை அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஹிமாயா தாளைப் பிரித்தாள். வாசித்தாள். பிள்ளை கேட்டுவிட்டு, மூன்றாவது வரி சரியில்லை மிஸ் என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னாள். ஹிமாயா பேனையை எடுத்து அதை வெட்டினாள்.