எட்டு டம்ளர் தண்ணீர்

தட்டு சரிந்தது, கோப்பை உருண்டது, "ஐயோ, சுடுது!" என்று யாரோ அலறினார்கள். மூன்றும் ஒரே நொடியில்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் காதில் செருகியிருந்த இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினான். விமானத்தின் நடைவழியில் அம்மா ஒருக்களித்து விழுந்து கிடந்தாள். ஒரு கால் இன்னும் ஓரத்து இருக்கைக்காரரின் மடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கனத்த மனிதர் சட்டையெல்லாம் காப்பியோடு, காலைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கைகளாலும் அதை ஏந்திக்கொண்டிருந்தார்.

"அத்தை! அத்தை!" நடு இருக்கையில் சிக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி கத்தினாள். "ஏங்க, மயக்கமா வருதுன்னு எழுந்தாங்க. ஓரத்து சாரை எழுந்து வழிவிடச் சொல்றேன்னு சொன்னேன். வேணாம்னுட்டுத் தாண்டப் பார்த்தாங்க!"

முன்னும் பின்னும் தலைகள் எழும்பின. அவன் மனதில் முதலில் ஓடியது, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதல்ல. எல்லோரும் பார்க்கிறார்களே என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக உடனே காது சுட்டது. ஆனாலும் அவன் கை அம்மாவின் தலையைத் தாங்கப் போகவில்லை. முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த அவள் உடுப்பைக் கீழே இழுத்துவிடத்தான் போயிற்று.

அவன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று பதினாறு வருடமாக எழுதுகிறவன். பத்து நாள் கடற்கரை விடுமுறை என்று முடிவான மறுநாளே பட்டியல் ஒன்றை அடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டான். தடுப்பூசி, டாக்டர் கடிதம். பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. தினம் அரை மணி நடை. கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறை. வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பத்து. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில், தினம் எட்டு டம்ளர் தண்ணீர். அதற்கு மட்டும் தனிக் கட்டங்கள். அம்மா குடிக்கக் குடிக்க டிக் போட வேண்டும்.

"இது வீடா, டிப்போவா? எங்களுக்கெல்லாம் காக்கிச் சட்டை தைச்சுக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி.

"போற இடத்துல அம்மா படுத்துக்கிட்டா யாருடி பார்க்கறது?"

"நான்தான். பின்னே உங்க டிப்போ மேனேஜரா வருவாரு?"

அம்மா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் விமானம். காலுறையைப் போட்டுப் பழகினாள். மொட்டை மாடியில் அரை மணி நடந்தாள். கட்டங்களில் ஒழுங்காக டிக் போட்டாள். ஜன்னல் இருக்கை அவளுக்குத்தான் என்று அவன் அறிவித்தபோது மட்டும், "ஓரமா ஒரு இடம் கிடைக்காதா தம்பி?" என்று கேட்டாள்.

"மேகம் பார்க்க வேண்டாமா? அதுக்குத்தானே இவ்வளவு தூரம்?" என்று அவன் அதட்டியதும் அடங்கிவிட்டாள்.

இப்போது அந்த அம்மாவை நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போய், விமானத்தின் பின்கோடியில், தேநீர் தயாரிக்கும் இடத்துத் தரையில் கம்பளி விரித்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டதும், கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"நான் கண் டாக்டர். அப்படிப் பார்க்காதீங்க, நாடி பிடிக்கவும் எனக்குத் தெரியும்" என்று தரையில் உட்கார்ந்தாள்.

அம்மாவின் கால்களைத் தலையணைகள் மேல் உயர்த்தி வைத்தாள். பிரஷர் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நெஞ்செலும்புக்கு மேலே தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.

"பிரஷர் எண்பதுதான் இருக்கு. உடம்பு காய்ஞ்சு கிடக்கு. நேத்துலேர்ந்து தண்ணி குடிச்சாங்களா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல அவன், ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பட்டியலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். "நேத்து எட்டு டம்ளர். முந்தாநேத்து எட்டு. இன்னிக்குக் கிளம்பறதுக்குள்ள மூணு. பாருங்க டாக்டர், எல்லாத்துக்கும் டிக் இருக்கு."

"நிஜமாவே குடிச்சீங்களாம்மா?"

"குடிச்சேனே" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி. "தம்பி எழுதினபடியே குடிச்சேன்."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. அவனைத் தள்ளி அழைத்துப் போனாள். "தண்ணி குடிக்காம இப்படி ஆகியிருந்தா பயமே இல்ல. உப்புச் சர்க்கரைத் தண்ணி குடுத்துப் படுக்க வச்சா ஒரு மணி நேரத்துல எழுந்து உட்கார்ந்துடுவாங்க. ஆனா எட்டு டம்ளர் குடிச்ச உடம்பு இப்படி இருக்கக் கூடாது. உள்ளே எங்கயாவது ரத்தம் கசியலாம். சிறுநீரகமா இருக்கலாம். இங்க வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இறக்கி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும்."

தலைமைப் பணிப்பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "பக்கத்து ஊர் விமான நிலையத்துல இறங்கணும்னா பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லணும்னு கேப்டன் சொல்றார்."

திரைக்கு அந்தப் பக்கம் சேதி பரவிவிட்டது. "முடியாதவங்களை ஏன்தான் கூட்டிட்டு வர்றாங்களோ" என்று ஒரு குரல் அவன் காதில் விழட்டும் என்றே பேசியது. திரையை விலக்கிக்கொண்டு காப்பிச் சட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். கையில் அம்மாவின் கைப்பை.

"என் காலடியில கிடந்தது சார். அம்மா எப்படி இருக்காங்க?" தயங்கினார். "நடுவுல இறக்கிடுவாங்களா? ஒண்ணுமில்ல, எங்க அண்ணனுக்கு மூணு மணிக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோறதுக்குள்ள முகத்தைக் காட்டிடலாம்னு பார்த்தேன். பரவாயில்ல, பரவாயில்ல. அம்மா உயிரைவிடவா? என்னை எழுப்பியிருக்கலாம் சார். நான் சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், பூஜையா பண்ணிக்கிட்டிருந்தேன்?"

அவனால் அந்த மனிதரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று டாக்டர் கேட்டாள். அவன் பையைத் திறந்தான். மாத்திரை டப்பா அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. விமான நிலையத்தில் அவன் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் புட்டியும் இருந்தது, கழுத்து வரை ததும்பத் ததும்ப. அதற்கு அடியில் அவன் வைக்காதவை இருந்தன. பழைய துணியைக் கிழித்து, நாலாக மடித்து, அடுக்கி வைத்த ஆறு துண்டுகள். ஒரு மாற்று உள்ளுடுப்பு. ஈரத்தைச் சுருட்டி வைக்க இரண்டு பிளாஸ்டிக் உறைகள். ஒரு சின்ன சோப்புத் துண்டு.

பார்த்துப் பார்த்து அவன் எழுதிய பட்டியலில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

மனைவி அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டாள். "போன வாரம் அத்தை டம்ளரைத் தொட்டியில கவிழ்க்கறதைப் பார்த்தேங்க" என்றாள் மெல்லிய குரலில். "கழுவறாங்கன்னுல்ல நினைச்சேன்."

அவன் அவசரமாக ஜிப்பை இழுத்து மூடினான். பிறகு டாக்டரிடம், "அம்மா... மறந்திருக்கலாம் டாக்டர். வயசாச்சு. குடிக்காமலே டிக் போட்டிருப்பாங்க" என்றான். பழி அம்மா தலையில் அழகாகப் போய் உட்கார்ந்தது. சொல்லும்போதே அவனுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"மறந்தவங்க ஒரு நாள் மறப்பாங்க. எட்டெட்டா கணக்கு வச்சு மறப்பாங்களா?" டாக்டர் அம்மாவின் பக்கத்தில் குனிந்தாள். "அம்மா, இங்க பாருங்க. பாத்ரூம் போகணுமேன்னு பயந்து குடிக்காம இருந்தீங்களா? இருமினா, தும்மினா கசியுதா? எத்தனையோ பேருக்கு இருக்கறதுதான். இதுல என்ன வெட்கம்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். ஒரு நொடி மகனைப் பார்த்தாள். பிறகு பார்வையை மேலே இருந்த அலமாரிக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னை யார் என்ன சொல்லப் போறாங்க? என் பையன் தங்கம். குடி குடின்னு பட்டியலே போட்டுத் தந்தான். நான் குடிச்சேன் டாக்டர். எட்டும் குடிச்சேன்."

டாக்டர் எழுந்தாள். "அவங்களே குடிச்சேன்னு சொல்றாங்க. நீங்க மறந்திருக்கலாம்னு சொல்றீங்க. இந்த 'இருக்கலாம்'கறதை நம்பி முந்நூறு பேரை நான் பறக்கச் சொல்ல முடியாது. இறக்கிடச் சொல்லுங்க."

பணிப்பெண் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தாள்.

அவனுக்குத் தெரியும். பையைத் திறந்த கணத்திலிருந்தே தெரியும். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான். திரை பாதி திறந்திருந்தது. கடைசி வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். காப்பிச் சட்டைக்காரர் இன்னும் போகவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு நின்றார்.

அவன் ஓரடி முன்னால் வந்தான். கீழேயிருந்து ஒரு கை அவன் கால்சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது. விழுந்து கிடந்த உடம்பில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"வேணாம் தம்பி" என்றாள் அம்மா. "இறங்கிக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல, இறங்கிக்கலாம்."

அவன் குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். நிமிர்ந்தபோது அவன் குரல் டிப்போவில் வண்டிகளைக் கூப்பிடும் குரலாக இல்லை. இருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"போனை வச்சிடுங்கம்மா. அவங்க ஒரு டம்ளர்கூடக் குடிச்சிருக்க மாட்டாங்க டாக்டர். போன வருஷம் குடும்பத்தோட வேன்ல போனப்ப, அம்மா பாத்ரூம் போக இறங்கின ஒவ்வொரு தடவையும் 'ஸ்பெஷல் ஸ்டாப்பிங்'னு கத்தி, விசில் அடிச்சு, எல்லாரையும் சிரிக்க வச்சவன் நான்தான்."