தொண்டையில் ஒரு சொட்டு மஞ்சள்

குருவியின் தொண்டையில் மஞ்சள் இருந்தது. கலர்காரர் பைனாகுலரை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏற்றிப் பார்த்தார். இருந்தது. பூங்காக் குளத்தின் அக்கரையில் வளைந்து கிடந்த நாணல் தண்டில், தவிட்டு நிறத்தில் ஒரு சிட்டு. எந்த வீட்டு ஜன்னலிலும் வந்து உட்காருகிற பெண் குருவி மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அலகுக்குக் கீழே, தொண்டைக் குழியில், யாரோ விரல் நுனியால் தொட்டு வைத்தது போல ஒரு மஞ்சள் பொட்டு. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்தினால் பறந்துவிடும். கத்தாவிட்டால் யார் நம்புவார்கள்?

"டாக்டரம்மா," என்றார், உதடு அசையாமல். "அந்த நாணல்ல. தொண்டையப் பாருங்க."

முன்னால் போய்க்கொண்டிருந்த பல் டாக்டரம்மாவும், பறவை பார்க்கும் குழுவின் நோட்டுப் புத்தகத்தைச் சுமக்கும் ரிட்டயர்டு கண்டக்டரும் சட்டென்று நின்று திரும்பினார்கள். நாலு விநாடியோ ஐந்து விநாடியோ. குருவி தலையைச் சாய்த்து, மூன்று பேருக்கும் பாரபட்சம் இல்லாமல் தொண்டையைக் காட்டிவிட்டுப் பறந்துபோனது. டாக்டரம்மா பறவைப் புத்தகத்தைப் பையிலிருந்து உருவிய வேகத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி கழன்று புல்லில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்கு நேரமில்லை. மஞ்சள் தொண்டைச் சிட்டு. படத்தில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. புத்தகத்தில் எல்லாம் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவார்கள் என்றார். தோளில் செம்மை இல்லையே என்று கண்டக்டர் கேட்டதற்கு, அது ஆணுக்குத்தான், இது பெண் என்றார். பிறகு புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நூறு," என்றார். ஊரில் பாதிப் பேருக்குக் கை நடுங்காமல் பல் பிடுங்கியவருக்குக் குரல் கம்மிவிட்டது.

இந்த நூறின் கதை என்னவென்றால், பூங்கா வாசலில் குழு வைத்திருக்கும் பலகையில் தொண்ணூற்றொன்பது பறவைகளின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'முதலில் கண்டவர்' என்று ஒரு கட்டம். பாதிக்கு மேல் டாக்டரம்மாவின் பெயர், மீதியில் பெரும்பகுதி கண்டக்டரின் பெயர். தொண்ணூற்றொன்பதில் வந்து நின்ற வண்டி மூன்று வருஷமாக நகரவில்லை. கடைசி வரி காலியாக, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

கலர்காரர் குழுவுக்கு வந்து ஏழே மாதம். பெயின்ட் கடையில் நிறம் கலக்குவது அவர் வேலை. தொப்பையைக் குறைக்க நடக்கச் சொன்னார்கள் என்று பூங்காவுக்கு வந்தவர், இவர்களோடு ஒட்டிக்கொண்டார். தொப்பை அப்படியே இருக்கிறது. பறவைகளின் பெயர் மட்டும் அவர் மண்டையில் ஏறுவதே இல்லை. கதிர்க்குருவி என்பார்கள், நெட்டைக்காலி என்பார்கள், வானம்பாடி என்பார்கள். அவருக்கு எல்லாமே பழுப்பு. ஆனால் எந்தப் பழுப்பு என்று கேட்டால் மனுஷனை அசைக்க முடியாது. "மூணு சொட்டு கறுப்பு, ஒரு சொட்டு சிவப்பு விட்ட பழுப்பு டாக்டரம்மா. வயித்துப் பக்கம் மட்டும் பழைய சுவத்து வெள்ளை" என்பார். முதலில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒரு நாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அந்த வர்ணனையை வைத்துப் பக்கத்தைப் புரட்ட, பறவை அங்கே அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வந்த பெயர்தான் கலர்காரர்.

ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கலக்கிய நிறத்தில் நிற்கின்றன. கிழிந்த குஷன் உறையையும் உடைந்த ஓட்டுத் துண்டையும் கொண்டுவந்து நீட்டி, இதே நிறம் வேண்டும் என்பவர்களுக்கு, அதே நிறத்தைக் கொடுத்து அனுப்புவார். வீட்டுக்கு வருகிறவர்கள் கட்டினவரைப் பாராட்டுவார்கள், அடித்தவரைப் பாராட்டுவார்கள். கலக்கியவன் யார் என்று எவனாவது கேட்டதுண்டா? அவருக்கு அந்தக் கட்டம் வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர, ஞாயிறுதோறும் வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் அந்தக் காலி வரிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார்.

கண்டக்டர் நோட்டில் நூறு என்று போட்டு, கண்டவர் இடத்தில் இவர் பெயரைப் பென்சிலில் எழுதினார். புதுப் பறவை ஒரு வாரம் பென்சிலில்தான் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வரை யாரும் மறுப்பு சொல்லாவிட்டால் மை, அப்புறம் பலகை. ஒரு காலத்தில், மரத்தில் சிக்கிய பிளாஸ்டிக் பையை வெள்ளைக் கொக்கு என்று மையிலேயே எழுதி மூக்குடைபட்ட பிறகு டாக்டரம்மா போட்ட சட்டம் அது. "உங்க பேரப் பலகையில எழுத உங்க கடையிலேர்ந்தே பெயின்ட் கொண்டு வந்துருங்க" என்று கண்டக்டர் தோளில் தட்டினார்.

அந்த வாரம் அவர் தரையில் நடக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சிட்டுப் புராணம். வீட்டுக்காரி ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் எழுத்து எழுதுகிறவள். நூறு என்று போட்டு, பக்கத்தில் ஒரு குருவி வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கேக் செய்து தருவதாக அவளாகவே சொன்னாள். இருபது வருஷத்தில் அவருடைய விஷயத்துக்கு அவளாக கேக் செய்வது இதுதான் முதல் தடவை. ஒரே ஒரு சங்கதிதான் மனசின் மூலையில் உறுத்தியது. அந்த மஞ்சளை அவர் ஏற்கெனவே எங்கேயோ பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை மத்தியானம், பூங்காவில் பெயின்ட் அடிக்கிற ஆள் காலி டின்னோடு வந்து, போன தடவை கொடுத்த அதே மஞ்சளில் இன்னும் ஒரு லிட்டர் கேட்டார். கலர்காரர் மூடியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. குச்சியை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். குருவியின் தொண்டையில் பார்த்த அதே மஞ்சள். இரண்டு வாரத்துக்கு முன்னால், மஞ்சள் சாயம் தீரப்போகிற நேரத்தில், பற்றாக்குறைக்கு ஒரு சொட்டு பழுப்பும் அரைச் சொட்டு பச்சையும் விட்டு அவர் ஒப்பேற்றிய மஞ்சள். இந்த டின்னைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

"எங்க அடிக்கிறீங்க இதை?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"குருவிங்க தண்ணி குடிக்கிற சிமென்ட் தொட்டி இருக்குல்ல, அதோட விளிம்புதான். எங்க காய விடுதுங்க? ஈரமா இருக்கும்போதே வந்து, விளிம்புல கழுத்த வச்சு வச்சு குனிஞ்சு குடிக்குதுங்க. மூணு தடவை அடிச்சாச்சு, இன்னும் திட்டுத் திட்டாத்தான் நிக்குது."

வெள்ளிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால் பூங்காவுக்கு ஓடினார். தொட்டி விளிம்பு ஈரமாக மின்னியது. நாலு பெண் குருவிகள், நாலுக்கும் மஞ்சள் தொண்டை. ஒரு ஆண் குருவி தன் கறுப்புத் தாடியில் மஞ்சளைப் பூசிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் டாக்டரம்மாவின் போன். கிளினிக்கில் நோயாளியை உட்கார வைத்துவிட்டுப் பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட சத்தத்திலேயே தெரிந்தது. மத்தியானம் பூங்காவுக்குப் போனாராம். ஒன்று இல்லை, ஏழு பார்த்தாராம். குடும்பமாகவே குடியேறியிருக்கிறதாம். சின்னப் பிள்ளை மாதிரி மூச்சு விடாமல் பேசினார். கலர்காரர் "ரொம்ப சந்தோஷம் டாக்டரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகு தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சும்மா இருந்துவிட்டால் என்ன? இறகு உதிர்ந்து முளைத்தால் மஞ்சள் போய்விடும். சிட்டு வந்தது, போனது என்பார்கள். பெயின்ட் அடிக்கிறவர் பலகையைப் படிக்கப் போவதில்லை. பெயர் கட்டத்தில் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் ஞாயிறுதோறும் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் அதன் முன்னால் நிற்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தார். முடியாது. தலையைக் குனிந்துகொண்டு வேறு வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறையில் கேக்குக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தைப் பார்த்தால் பரிதாபப்படுகிறாள் போலத்தான் இருந்தது. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதடி. மானம் போவுது எனக்கு."

"மானம் எங்கங்க போவுது? காயறதுக்குள்ள குருவிமேலயே ஒட்டிக்கிட்டு ஒரு வாரம் நிக்குது. உங்க பெயின்ட்டுக்கு இதைவிட விளம்பரம் வேணுமா?" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கேக்குல நான் இன்னும் எதுவும் எழுதல. என்ன எழுதட்டும், சொல்லுங்க" என்றாள்.

அவர் கேக்கின் வெள்ளையைப் பார்த்தார். அதில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்திருப்பது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எழுத வேண்டியதைச் சொன்னார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வீட்டுக்காரியும் கூட வந்தாள். குருவியை அது குளிப்பதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். டாக்டரம்மா பலகைக்கு முன்னால் துணியும் தூரிகையுமாக நின்றிருந்தார். காலி வரி துடைத்துத் தயாராக இருந்தது. கலர்காரர் பையிலிருந்து டின் மூடியை எடுத்து நீட்டினார். மஞ்சள், பழுப்பு, அரைச் சொட்டு பச்சை என்று கலவையில் ஆரம்பித்து, தொட்டி விளிம்பு வரை சொல்லி முடித்தார். பூசி மெழுகவில்லை. வியாழக்கிழமையே தெரியும் என்பதையும், வெள்ளிக்கிழமை போனில் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

டாக்டரம்மா மூடியை வாங்கிப் பார்த்தார். முதலில் அவர் கேட்டது, "குருவிக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்றுதான். தண்ணீரில் கரைக்கிற பெயின்ட்தான், விஷமுள்ளது இல்லை, என்றாலும் காய்கிற வரை தொட்டிக்கு மேலே சாக்குப் போட்டு மூடச் சொல்லி, பக்கத்தில் வேறு பாத்திரத்தில் தண்ணீர் வைக்க ஏற்பாடு செய்துவிட்டதாகக் கலர்காரர் சொன்னார். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மூன்று வருஷமாகக் காத்திருந்தது அந்த முகத்தில் தெரிந்தது.

அடுத்துப் பேசியது கண்டக்டர்தான். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை ஒரு மைனாவப் பாத்தேன். அதுக்கும் மஞ்சத் தொண்டை. இதுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு அப்பவே தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, கலர்காரரைப் பார்த்தார். "உங்க பேர மையில எழுதணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. அதான் மூச்சு விடல."

கலர்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரி கேக் டப்பாவைத் திறந்தாள். மேலே பெரிதாக 99. பக்கத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு குருவி. அதன் தொண்டையில் ஒரு பொட்டு மஞ்சள். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "மைனாவுமா?" என்றார் கண்டக்டரிடம். "மைனாவும்தான்" என்றார் கண்டக்டர். டாக்டரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய் எல்லோரும் நெருங்கினால், சிரித்துக்கொண்டிருந்தார்.

நோட்டை வாங்கி, நூறாவது வரியையும் தன் பெயரையும் கலர்காரரே ரப்பரால் அழித்தார். தாளில் லேசான சாம்பல் கறை மிஞ்சியது. கேக்கைத் தின்றபடி எல்லோரும் குளக்கரைக்கு நடந்தார்கள். வீட்டுக்காரி மஞ்சள் தொண்டைக் குருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி, இது நல்லா அடிச்சிருக்கு, இதுக்கு இன்னொரு தடவை அடிக்கணும் என்று மார்க் போட்டுக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் அக்கரை நாணலுக்குள் எதுவோ வந்து இறங்கியது. சின்னது. தண்டு ஒரு முறை ஆடி நின்றது. டாக்டரம்மாவின் கையில் இருந்த கேக் துண்டு புல்லில் விழுந்தது. பைனாகுலர் கண்ணுக்கு ஏறியது. நிழலுக்குள் பாதி உடம்புதான் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தது. அந்தக் குரலை அவர்களில் யாரும் கேட்டதில்லை.

"கலர்காரரே," என்றார் டாக்டரம்மா, பைனாகுலரை இறக்காமலே. "நிறம் சொல்லுங்க."

"எங்கிட்டயா கேக்கறீங்க?"

"வேற யாருகிட்ட கேக்கறது? சீக்கிரம்."

அவர் பார்த்தார். வெள்ளையில் இரண்டு சொட்டு பழுப்பு என்று ஆரம்பித்தார். முதுகில் அதே பழுப்பு, ஒரு சொட்டு கறுப்பு கூட. கண்ணுக்கு மேலே ஒரு கோடு, வைக்கோல் நிறம். வாலடியில் செங்கல் பொடி. இது நான் கலக்கினது இல்லை டாக்டரம்மா, இந்த மாதிரி எனக்குக் கலக்கவே வராது என்றார். டாக்டரம்மா ஒரு கையால் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். பக்கத்தில் கண்டக்டர் பென்சில் முனையை நாக்கில் தொட்டு, அழித்த இடத்தில் கிடந்த ரப்பர் துகளை ஊதிவிட்டு, அந்தச் சாம்பல் கறைக்கு மேலே பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார்.