மடிப்பு விட்டு வெட்டிய குளம்

தையல்காரன் தன் வீட்டுப் பின்புறம் வெட்டிய மீன்குளத்தின் அடியில் மடிப்பு விட்டிருந்தான். மழைக்காலம் முடிந்ததும் அந்த மடிப்பு பிரிந்து குளம் தானாக ஆழமாகத் தொடங்கியது. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. பள்ளிச் சீருடை தைப்பதில் பெயரெடுத்தவன் அவன். கால்சட்டையின் காலில் நான்கு விரல், கவுனின் இடுப்பில் இரண்டு விரல் என்று துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவான். பிள்ளை வளர வளரத் தாய்மார்கள் பிரித்து விட்டுக்கொள்வார்கள். ஒரே கால்சட்டையில் மூன்று வகுப்பு தேறியவர்கள் உண்டு. அப்படிப்பட்டவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

குளம் கேட்டது அவன் மனைவி. அவள் ஒரு பல் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஆரஞ்சு நிற மீன்கள். பல்வலியோடு வருகிறவர்கள் மீனை எங்கே பார்த்தார்கள்? அவள்தான் பார்த்தாள். கண்ணாடியைத் துடைக்கத் துணியை எடுத்தாலே அத்தனையும் அவள் கைப்பக்கம் வந்து நிற்கும். அந்த இடத்தில் டிவி மாட்டுவதென்று டாக்டர் முடிவு செய்த அன்று, மீன்களை வாளியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். துணி அலசும் தொட்டியில் அவற்றை விட்டாள். மீன்கள் உயிரோடு இருக்கவேண்டும், கண்ணுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பிள்ளை இல்லாத வீடு, அதனால்தான் இப்படி என்று விளக்கம் சொல்லித் திரிந்தவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதில்தான் வந்தது வினை. தையல்காரனின் அண்ணன் கொத்தனார். முழங்கால் அளவே தாராளம் என்றார். பக்கத்து வீட்டில் ஒரு காலத்தில் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். முழங்கால் தண்ணீர் வெயிலில் கொதித்துவிடும், கொக்கு வேறு வந்து கொத்திவிடும், ஆள் உயரம் வெட்டினால்தான் ஆச்சு என்று அவர் அடம்பிடித்தார். அவ்வளவு ஆழத்தில் அடித்தண்ணீருக்குக் காற்றே போகாது, மீன் மூச்சுமுட்டிச் சாகும் என்றார் கொத்தனார். இருவரும் ஜென்மத்தில் மீன் வளர்த்ததில்லை. "இடுப்பளவு வெட்டுங்க போதும். நான் எறங்கி பாசி எடுக்கணும், மீனு கண்ணுக்குத் தெரியணும்" என்று அவள் சொன்னாள். ஆண்கள் டீ குடித்துக்கொண்டு பேசியதால் அது யார் காதிலும் விழவில்லை. மறுநாளும் சொன்னாள். தொட்டியில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கத் தொடங்கியபோது கத்தினாள். கத்தியது மட்டும் கேட்டது.

அந்தக் கத்தலுக்குப் பிறகு தையல்காரன் இடுப்பளவே வெட்டினான். ஆனால் கை சும்மா இருக்குமா? "மீன் வளருமே" என்று ஒரு யோசனை. மற்றவர்கள் போனபிறகு சாக்கு ஊசியும் மெழுகு நூலுமாகக் குழிக்குள் இறங்கினான். இன்னும் கொஞ்சம் ஆழம் வெட்டி, அந்த ஆழத்தை அப்படியே உள்பக்கமாக மடித்து, களிமண்ணோடு சேர்த்து எட்டி எட்டி ஊசி போட்டுத் தைத்தான். மண்ணை எப்படி மடிப்பது என்று பிற்பாடு கேட்டவர்களிடம், துணியை மடிக்கிற மாதிரிதான் என்றான். வேலை சுத்தமாக இருந்தது. மடித்த இடம் வெளியே தெரியவே இல்லை.

கொஞ்ச நாள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் பாசி எடுக்க இறங்கியவளுக்கு மார்பளவு தண்ணீர். அடுத்த வாரம் கழுத்தளவு. இறங்குவதை நிறுத்திக் கரையிலிருந்து பார்த்தாள். மீன்கள் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. தீனி போட்டால் மேலே மிதந்து ஊறிக் கரைந்தது. தையல்காரன் இஞ்ச் டேப்பில் கல்லைக் கட்டி இறக்கினான். டேப் தீர்ந்ததும் இன்னொன்றை முடிந்தான். "எவ்வளவுடா மடிச்சே?" என்று அண்ணன் கேட்க, வளர்கிற பொருளாயிற்றே என்று கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டதாக ஒத்துக்கொண்டான். மீன்கள் மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் வளரவே இல்லை.

அதன்பின் ஆளாளுக்கு வைத்தியம். கொத்தனார் ஒரு வண்டி செங்கல் உடைசலைக் கொண்டுவந்து ஓரமாகச் சரித்தார். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. இதைத்தான் அப்போதே சொன்னேன் என்றார் பெரியவர். அவர் சொன்னது இதுவல்ல என்பதை நினைவுபடுத்த யாருக்கும் தெம்பில்லை. கடைசியில் தையல்காரன் கயிறு கட்டி இறங்கி, பிரிந்ததையெல்லாம் பிடித்துத் தைத்தான். பயத்தில் அதிகமாகப் பிடித்துவிட்டான். விடிந்து பார்த்தால் குளம் சாப்பாட்டுத் தட்டின் ஆழத்துக்கு வந்திருந்தது. மீன்கள் பக்கவாட்டில் படுத்துத் துடித்துக்கொண்டிருந்தன, பக்கத்தில் ஒரு கொக்கு நிதானமாக நின்றது. அவள் ஓடி வருவதற்குள் ஒன்றைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. அவன் பதறி ஒரு நூலை அறுத்தான். மொத்தத் தையலும் விட்டுப்போய், பழையபடி பாதாளம். மிச்ச மீன்களும் சேர்ந்து இறங்கிவிட்டன.

அவள் அழவில்லை. கொக்கு போன திசையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். இருபது வருட எரிச்சல் ஒரே மூச்சில் வந்தது.

"உங்க கையால இன்னைக்கிப் போட்டுக்கிற மாதிரி ஒரு துணி தைச்சிருக்கீங்களா? எனக்குத் தைச்சதெல்லாம் நாளைக்கிக் குண்டாகப் போறவளுக்குத் தைச்சது. தோள்ல தொங்குது, இடுப்புல தொங்குது, ஊக்கு குத்திக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். வீட்டுக்கு மாடி வரும்னு கம்பிய நீட்டி விட்டீங்க, அதுல துணி காயுது. அப்புறம், அப்புறம்னு எல்லாத்தையும் உள்ள மடிச்சு வச்சா நான் எப்பங்க வாழுறது? அந்த மீனு இப்ப இருக்கு. இப்ப பாக்கணும் எனக்கு."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நீங்க சும்மா இருங்க" என்றாள். அவர் சும்மா இருந்தார். சரித்திரத்தில் முதல் தடவை.

தையல்காரனுக்கு முகம் செத்துப்போனது. வாடிக்கையாளர்கள் எத்தனை பேரை நிற்கவைத்து அளவெடுத்திருக்கிறான், மனைவியை ஒருநாளும் எடுத்ததில்லை. கண்ணளவு போதும் என்றிருந்தான். உள்ளே போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தான். கட்டியிருந்த துணியோடு அவள் குளத்தில் இறங்கி, கரையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் குளத்தின் அடியைத் துணிபோலப் பிடித்து மேலே மேலே இழுத்துக் கொடுத்தான். பாதம் மண்ணில் பட்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் "இங்கதான்" என்றாள். அவன் கத்தரிக்கோலைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான்.

"வெட்டிட்டா அப்புறம் பிரிச்சு விட முடியாது."

"விட வேணாம்."

"ஒருவேளை மீனு வளந்துச்சுன்னா?"

"வெட்டுங்க."

வெட்டினான். ஓரம் கொஞ்சம் கோணல். கலங்கல் தெளிய நேரம் பிடித்தது. அதுவரை அவள் காலை அசைக்காமல் நின்றாள். பிறகு முழங்கால் பக்கம் ஒரு ஆரஞ்சு நிறம் அசைந்தது, அதன் பின்னால் மற்றவை. தண்ணீருக்குள் விரலை நீட்டினாள். எல்லாம் வந்து விரலைச் சுற்றி நின்றன. கொக்கு கொண்டுபோனது மட்டும் வரவில்லை. அதற்காக அப்போதுதான் அழுதாள்.

அவன் கைகொடுத்து, "மேல வா, சளி பிடிக்கும்" என்றான்.

"எதுக்கு? இப்பதான் எனக்கு அளவா இருக்கு" என்றாள்.

வெட்டி எடுத்த ஆழம் ஈரப் போர்வை மாதிரி கனத்தது. இரண்டு நாள் சுவரில் சாய்ந்து கிடந்தது. வற்றிப்போன தன் கிணற்றுக்கு ஆகும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வெட்கத்தோடு கேட்டார், சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் வந்தது, கூடவே கொஞ்சம் செங்கல் உடைசலும் வந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் பின்வாசல் வழியே அந்தக் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு மடிப்பு விடுங்க என்கிறார்கள். குளத்துக்குள் நிற்கிறவளைத் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் விடலாம் என்று கேட்டுக்கொண்டுதான் அவன் விடுகிறான்.