முகம் எந்தப் பக்கம்

...உள்பக்கம் என்றுதானே சொன்னாள், போனில், தெளிவாகத்தான், சுவரோட முகம் உள்பக்கம் இருக்கட்டும் கொத்தனாரே என்று, அந்த ஒரு சொல் இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டது, கடைக்கு உள்பக்கம் என்று அவள் நினைக்க, சுவருக்குப் பின்னாலிருக்கும் சரக்கு அறையின் உள்பக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டு, நூல் பிடித்து, செங்கல் செங்கலாகப் பொறுக்கி, இடுக்கெல்லாம் தேய்த்துத் துடைத்து, அழகு முழுவதும் அட்டைப்பெட்டிகள் பார்க்கிற பக்கம் போய்விட்டது. கடைப்பக்கம் வந்து நின்றது சுவரின் முதுகு... பிதுங்கிக் காய்ந்த கலவை, ஏறியும் இறங்கியும் நிற்கிற செங்கல். பூச்சே வேண்டாம், செங்கல்லும் மரமும் இரும்பும் அப்படியே தெரியட்டும், கையால் தைத்த செருப்புக்குக் கையால் கட்டின சுவர்தான் பொருத்தம் என்று செருப்புக்கடைக்காரரிடம் அளந்துவிட்டு, கடையை வடிவமைக்கிற வேலையை வாங்கி வந்தவள் அவள்தான். நான்கு மணிக்குக் கடைக்காரர் வருவார். பிடிக்கவில்லையென்றால் இந்த வேலை போச்சு, இதுவும் போனால் வீட்டைவிட்டு வெளியே வர அவளுக்கு என்ன காரணம் மிச்சம்?

"அட்டைப்பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு சிங்காரம்னு நானும் யோசிச்சேம்மா" என்றார் கொத்தனார். யோசித்தவர் கேட்டிருக்கலாமே என்றதற்கு, "படிச்சவங்க, ஏதாவது காரணம் வெச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன். முதுகைக் காட்டிக்கிட்டுக் கடை தெறக்க முடியுமா? கலவை ரெடியா இருக்கு, பூசி மறைச்சிடறேன். சாப்டீங்களா நீங்க?" ஆச்சு என்றாள், ஆகவில்லை, இன்றைக்கு அவளிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான், அதற்கும் பொய்... ஞாயிறுதோறும் மூன்றரைக்கு மகன் வீடியோவில் வருவான், அதற்கு முன்னால் தலை வாரி, பவுடர் போட்டு, புத்தக அலமாரிக்கு முன்னால் போய் உட்காருவாள், எப்படிம்மா இருக்கே, எனக்கென்னடா, ராணி மாதிரி இருக்கேன், நாலு நிமிஷம், முடிந்தது. போனுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் குவிந்த ஒரு வாரத்துத் துணி, கழுவாத ஒற்றைத் தட்டு, போய்ச் சேர்ந்த கணவரின் செருப்பு, மூன்று வருஷமாகக் கதவோரம் கிடப்பது... யார் பார்த்தார்கள் இதையெல்லாம்?

சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கொத்தனாரின் பெருவிரல் பதிந்த குழி. அந்தப் பக்கம் நேர்த்தி இருக்கிறது, கை இருந்த தடத்தைத்தான் துடைத்துவிட்டார், கை இருப்பது இங்கேதான் என்று தோன்றியது, தோன்றியதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"பூசட்டுமாம்மா? கலவை இறுகிடும்."

"வேண்டாம்."

போன் அடித்தது. அட, ஞாயிறு, மூன்றரை. தலை கலைந்திருந்தது, மூக்கில் சிமெண்டு, கை தன்னால் முந்தானைக்குப் போய்ப் பாதியில் நின்றது, அப்படியே போனை எடுத்தாள்.

"என்னம்மா, பின்னாடி சுவரு இப்படி இருக்கு?"

"அது முதுகுப் பக்கம்டா" என்றாள், எப்படி இருக்கே என்று அவன் கேட்க, அந்த ராணி நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனாள், "உனக்குக் கொஞ்ச நேரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள், இருக்கும்மா, சொல்லு என்று அவன் காத்திருந்தான், பெருவிரல் அந்தக் குழியைத் தேடிப் போய் அமர்ந்தது, சொல்லத்தான் வேண்டும், எங்கிருந்து...