வேற்றுக்கிரகத்துப் பச்சை

வாண்டு அப்பாவோடு பேசுவதை நிறுத்தியதற்குக் காரணம் சொத்துத் தகராறு இல்லை, காதல் இல்லை, கல்யாணப் பேச்சும் இல்லை. அவளுக்கு அஞ்சு வயதாக இருந்தபோது, வீட்டு மொட்டை மாடியில், அவர் அவளை ஒரு வேற்றுக்கிரகவாசியிடம் விட்டுவிட்டார். அதுதான் காரணம். உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் அப்பா மேல் எத்தனையோ புகார் வைத்திருக்கும். இப்படி ஒரு புகார் எந்த அப்பா தலையிலும் விடிந்திருக்காது.

வாண்டு என்பது சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அவளுக்கு முப்பது நெருங்குகிறது, பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறாள், ஆனாலும் வாண்டுதான். கடை அப்பாவுடையது. அவர் முன்னால் பெயிண்டர்களிடம் பேரம் பேசுவார், இவள் பின்னால் கலக்கும் மேசையில் நிற்பாள், அம்மா நடுவில் பில் போடுவாள். ஒரே கூரை, ஒரே டீ பிளாஸ்க். அதற்குள் பேசாமல் இருப்பதென்றால் சும்மாவா? "ரெண்டு லிட்டர் வெள்ளை வேணுமாம்னு அவகிட்ட சொல்லு" என்பார் அப்பா, அவள் காதுபடவே. "வெள்ளை தீந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்பாள் இவள், அவர் காதுபடவே. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கால்குலேட்டரை டொக்கென்று வைத்தாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் பெட்டியா?"

எல்லாம் ஒரு தலைவலியில் ஆரம்பித்தது. தலைவலிக்குக் கண்ணாடி போடலாமென்று தெருமுனைக் கண்ணாடிக்காரரிடம் போனாள். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், காசில்லாதவர்களுக்குக் கண்ணாடியை இலவசமாகத் தருவார். அவரிடம் இன்னொரு விஷயமும் இருந்தது. வானத்திலிருந்து வந்தவர்களைச் சின்ன வயதில் சந்தித்துவிட்டு மறந்துபோனவர்கள் ஞாயிறு சாயங்காலம் அவர் கடை மாடியில் கூடுவார்கள். கண் பரிசோதிக்கும் இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சை எண்ணச் சொல்லி, மறந்ததை அவர் வெளியே கொண்டுவருவார். வாண்டு வேடிக்கை பார்க்கத்தான் போனாள். வேடிக்கை பார்க்கப் போனவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவளுக்கு எல்லாம் வந்துவிட்டது. மாடி. சுற்றும் வெளிச்சம். ஒல்லியாக, உயரமாக, பச்சைமுகத்தோடு ஒருத்தர். அப்பா அவள் கையை விட்டது.

விட்டதுதான் அவளால் தாங்க முடியாதது. பச்சைமுகம் கூடப் பரவாயில்லை, அது அது பாட்டுக்கு வந்தது, போனது. அப்பா ஏன் விட்டார்? கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு முடிந்தது பேச்சு.

இன்றைக்கு ஞாயிறு. சாயங்காலக் கூட்டத்தில் வாண்டு கேமரா முன்னால் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லப்போகிறாள், கண்ணாடிக்காரர் அதைத் தன் சேனலில் போடப்போகிறார். ஊர் முழுக்கப் பார்க்கும். பெயிண்டர்கள் பார்ப்பார்கள். "அந்தாளா, பெத்த பொண்ணையே தூக்கிக் குடுத்தவனாச்சே" என்று சிரித்துக்கொண்டே டிஸ்கவுன்ட் கேட்பார்கள். அம்மா காலையிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கடைசியில் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, வேறொரு சேதி சொன்னாள்.

"உங்கப்பா சொல்லச் சொன்னாரு. அவரும் பாத்தாராம்."

வாண்டு கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பார்த்தாரா? இத்தனை நாள் ஊமைக் கோட்டானாக இருந்துவிட்டு இப்போதா? நம்பலாமா? அவள் கலர் கலக்குகிறவள். வாய்ப்பேச்சை நம்பிப் பழக்கமில்லை. கடைக்குத் தினமும் யாராவது வந்து, எங்க பழைய வீட்டுக் கதவு மாதிரி ஒரு நீலம் வேணும் என்பார்கள். புருஷன் ஒரு நீலம் சொல்வான், பெண்டாட்டி இன்னொன்று சொல்வாள், ரெண்டு பேரும் கடையிலேயே முட்டிக்கொள்வார்கள். பத்து வருஷம் ஒரே கதவைத் திறந்து மூடியவர்கள்தான். யார் உண்மையாகப் பார்த்தார்களோ அவர்கள் சொல்வதில் ஒரு தடுமாற்றம் இருக்கும், கொஞ்சம் அடர்த்தியா, இல்ல இல்ல, கொஞ்சம் வெளுப்பா என்று அலைவார்கள்.

"பாத்தாருன்னா கலக்கிக் காட்டச் சொல்லு" என்றாள்.

கடைக்கு லீவு. ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனார்கள், முதலில் அப்பா, பின்னால் வாண்டு. டியூப்லைட் ரெண்டு தரம் கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. வாண்டு தின்னர் டின்களுக்குப் பின்னால் கைவிட்டு, தான் முன்பே கலக்கிப் பூசி ஒளித்துவைத்த ஒட்டுப்பலகைத் துண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இருட்டறையில் பார்த்த முகத்தின் பச்சை அது. நாள்கணக்காகக் கழுவாத பாத்திரத்தின் பாசி மாதிரி, சாம்பல் ஏறிய பச்சை. யாருக்கும் காட்டியதில்லை.

அப்பா வெள்ளையை ஊற்றினார். சாயப் பாட்டில்களை எடுத்தார், சொட்டினார், குச்சியால் கலக்கினார், இன்னொரு சொட்டு விட்டார். நிமிர்ந்து யோசிக்கக்கூட இல்லை. ஒரு பலகையில் பூசி, காயவைக்கும் ஹேர் டிரையரை எடுத்துக் காட்டினார். கடையில் அந்த டிரையரைத் தலைக்கு உபயோகித்தவர்கள் யாருமில்லை. காய்ந்ததும் மேசையில் வைத்தார்.

வாண்டு தன் பலகையைப் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிறம். நடுவில் கோடு தெரியவில்லை.

அப்படியானால் உண்மை! எல்லாமே உண்மை! இந்தப் பூமியில் நாம் மட்டும் இல்லை, தனியாக இல்லை, அவர்கள் வந்தார்கள், எங்கள் மாடிக்கே வந்தார்கள்! ஒரு நொடி அவளுக்கு வானத்தைத் தொட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. அப்படியானால் கையை விட்டதும் உண்மை.

"ஆமாம்மா" என்றார் அப்பா, அவள் கேட்காமலே. "நான்தான் விட்டேன். தப்புதான்."

அவள் என்ன செய்வதென்று தெரியாமல், கைப்பழக்கத்தில் ரெண்டு பலகையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர்கள் கடையில் எந்த நிறமும் வெயிலைப் பார்க்காமல் விலைக்குப் போனதில்லை. டியூப்லைட் ஒரு மாதிரி இடைத்தரகன். ரெண்டு வேறு சாயத்தை ஒன்று என்று சொல்லித் தலையில் கட்டிவிடும். வெயிலிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

ஷட்டருக்கு அந்தப் பக்கம், பத்து மணி வெயிலில், பலகைகள் ரெண்டும் பிரிந்தன. அவளுடையது பச்சையாகவே இருந்தது. அப்பாவுடையது காய்ந்த இலை மாதிரி பழுப்பில் சாய்ந்தது. மஞ்சளில் கறுப்பைவிட்டுப் பச்சையாக்கியிருக்கிறார். பச்சைச் சாயத்தை அவர் தொடவே இல்லை, தன் பலகையை மறைப்பதிலேயே இருந்தவள் அதைக் கவனிக்கவில்லை.

வாண்டு ரெண்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள். மாடியில் பார்த்ததை ஞாபகம் வைத்துக் கலக்கியிருந்தால் எந்த வெளிச்சத்திலும் கொஞ்சமாவது விலகியிருக்கும். இது டியூப்லைட்டில் மட்டும் அச்சு அசலாக இருக்கிறது. அவள் பலகை ஒளிந்திருந்த இடத்தில் இருந்ததும் டியூப்லைட் மட்டும்தான்.

"என் பலகையைப் பாத்துட்டீங்க" என்றாள். அவரிடம் நேராக. அம்மா இல்லாமல்.

அப்பா ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். பலகைகளைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கலர் விற்கிறவர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"வெயில்ல பாக்கணும்னு தோணவே இல்ல" என்றார், களவில் பிடிபட்டவர் போல.

"ஏம்ப்பா?"

அவர் கையில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார். "இல்லன்னு சிரிச்சேன், நீ பேச்சை நிறுத்திட்ட. ஆமான்னு சொன்னா, திட்டுறதுக்காவது பேசுவ இல்ல."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை. வாண்டு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். செய்யாத குற்றத்தை, ஊர் சிரிக்கும் என்று தெரிந்தே, ஒரு மனிதர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார். எதற்கு, அவள் வாயிலிருந்து நாலு வசவு கேட்பதற்கு. இவரா விட்டிருப்பார்? சாலையைக் கடக்கும்போது இன்றைக்கும் அவள் முழங்கையைப் பிடிக்கிறவர்.

ஆனால் அவளுக்கு அது ஞாபகம் இருந்ததே. அவ்வளவு தெளிவாக இருந்ததே. அதை என்ன செய்வது?

போனை எடுத்தாள். இருட்டறையில் நடந்ததைக் கண்ணாடிக்காரர் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அதை அவள் திரும்பக் கேட்டதே இல்லை, பயம். இப்போது அப்பா பக்கத்தில் உட்கார, சத்தமாக வைத்தாள்.

முதலில் அவள் குரல்தான், தூக்கக் கலக்கத்தில். மாடி, வெளிச்சம் சுத்துது, நான் சிரிக்கிறேன். யாரும் கேட்காமல் அவளாகச் சொன்னது. பிறகு கண்ணாடிக்காரரின் மெத்தென்ற குரல். யாராச்சும் இருக்காங்களா, உயரமா, குள்ளமா? உயரமா. முகம் பச்சையா, சாம்பலா? பச்சை, கொஞ்சம் சாம்பல். பக்கத்துல அப்பா இருக்காரா? ம். உன் கையை என்ன செஞ்சாரு, தள்ளினாரா, விட்டாரா?

பதிவில் ஒரு நீண்ட மௌனம். அப்புறம் அவள்: விட்டாரு.

வாண்டு நிறுத்தினாள். கண்ணாடிக்காரர் காலையிலிருந்து ராத்திரிவரை லென்ஸை மாற்றி மாற்றிச் சொல்வது ஒரே வாக்கியம்தான்: இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? அந்த நாற்காலியில் உட்கார்கிறவர்களும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ரெண்டும் இல்லை என்று கண் டாக்டரிடம் யார் சொல்வார்கள்? தன் கடையிலேயே அவள் இதைப் பார்த்திருக்கிறாள். நிற மாதிரிகள் அச்சிட்ட ஷேட் கார்டை விரித்துக் காட்டிவிட்டால் போதும், வந்தவர் மனசில் இருந்த நீலம் காணாமல் போய்விடும், கார்டில் இருப்பதில் ஒன்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகவே அவள் கார்டைக் கடைசியில்தான் எடுப்பாள். அவளிடம் மட்டும் கார்டை முதலில் விரித்துவிட்டார்கள்.

"கையைப் பிடிச்சிருந்தாரான்னு அவர் கேக்கவே இல்லப்பா" என்றாள்.

கண்ணாடிக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டாள். சாயங்காலம் வருகிறேன், கேமரா முன்னால் உட்காருகிறேன், ஆனால் வெளிச்சத்தை மட்டும்தான் சொல்வேன், பச்சைமுகமும் கையும் நீங்கள் கேட்டு வந்தவை, அதெல்லாம் கிடையாது என்றாள். அவர் பதிவைத் தானும் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அப்புறம் தயங்கித் தயங்கி, அந்த நாற்காலியில் உட்கார்ந்த மற்ற எல்லோரிடமும் இப்படித்தான் கேட்டிருப்பேனோ என்றார். கேட்டிருப்பீங்க, எல்லாத்தையும் எடுத்துப் போட்டுக் கேளுங்க, நானும் கூட உட்கார்றேன் என்றாள் வாண்டு. அந்தக் குரலில் கோபமே இல்லாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்பா மெதுவாகக் கேட்டார், அந்த வெளிச்சம் மட்டும் நிஜமா என்று.

"அது நானா சொன்னது. யாரும் எடுத்துக் குடுக்கல. அதை நான் விட மாட்டேன்" என்றாள். "என்னன்னு தெரியல. பட்டமோ, விமானமோ, மெய்யாவே அவங்களோ. வந்தாங்கன்னா நல்லதுதான். நான் சிரிச்சிருக்கேன் பாருங்க."

பிறகு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். திருட்டுத்தனமாக அவள் பலகையை எடுத்துப் பார்த்ததற்கு, பச்சைச் சாயம் ஒரு பாட்டில் முழுசாக இருக்கும்போது மஞ்சளையும் கறுப்பையும் வீணடித்ததற்கு, பெற்ற பெண்ணிடமே பொய் சொன்னதற்கு, அந்தப் பொய்யையும் ஒழுங்காகக் கலக்கத் தெரியாததற்கு, அவள் முதன்முதலில் வந்து கேட்டபோது சிரித்ததற்கு, ஒவ்வொன்றாகப் பிடித்து, மூச்சு விடாமல் திட்ட ஆரம்பித்தாள். அப்பா கடைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.